ஒலியின் அளவா? அதிர்வெண்ணின் சமனா?

மும்பையில் மாதுங்காவை அடுத்த கிங்ஸ் சர்க்கிளில் உள்ள ஷண்முகாநந்த அரங்கம் 1963-இல் திறக்கப்பட்டது. 1990-இல் தீக்கிரையாகிப் பின்னர் புதுப்பிக்கப்பட்டது. இத்தகைய பேரரங்குகளில் கடைசி வரிசையில் அமர்ந்தவரும் பாடகரின் சாகித்தியத்தைச் சொல் பிசகாமல் கேட்க விழைகின்றனர். மிருதங்கம் ஓங்கிச் சொல் மங்கினால் ஒலிக் கலவையாளர் செய்யத்தக்கது யாது?

அவரிடம் இரு கருவிகள் உள. முதலாவது, ஒலியளவை மாற்றும் திருகு. இது எல்லா அதிர்வெண்களையும் ஒருங்கே ஏற்றும் அல்லது இறக்கும். 3 டெசிபெல் ஏற்றினால் ஒலியின் ஆற்றல் இரட்டிக்கும். ஆயினும் செவிக்கு இருமடங்காகத் தோன்றுவதற்கு ஏறத்தாழ 10 டெசிபெல் ஏற்றம் வேண்டும். இரண்டாவது, சமனாக்கி. இது குறிப்பிட்ட அதிர்வெண் பகுதியை மட்டும் மாற்றும். தொலைபேசிக் கம்பிகளில் சில அதிர்வெண்கள் மிகுதியாகத் தேய்ந்ததனை ஈடுசெய்யப் பிறந்த முறையாதலின் இப்பெயர் பெற்றது.

எது எப்பொழுது தகும்? மிருதங்கமே இதற்கு நல்ல பாடம். வன்மையான தாழ்ந்த ஒலி, தனக்கு மேலுள்ள மெல்லிய ஒலிகளை மறைக்கும் இயல்புடையது. ஆகவே தொப்பியின் முழக்கம் குரலை மறைக்குமாயின், அத்தாழ்ந்த பகுதியைச் சமனாக்கியால் சிறிது குறைத்தல் போதும்.

வலந்தலையின் நிலை வேறு. அதில் இடப்படும் கரணை, மேற்சுரங்களை அடிப்படை அதிர்வெண்ணின் முழு மடங்குகளுக்கு அருகே கொணர்கிறது என்பதனை சி.வி. ராமன் 1920-லும் 1934-லும் வெளியிட்ட கட்டுரைகளில் விளக்கினார். வலந்தலை பாடகரின் சுருதிக்கே சேர்க்கப்படுவதால், அதன் மேற்சுரங்களும் குரலின் மேற்சுரங்களும் பெரும்பாலும் ஒரே இடங்களில் விழுகின்றன. அவற்றைச் சமனாக்கியால் பிரிக்க முயன்றால் நாதமே கெடும். இங்கு ஒலியளவைக் குறைப்பதே முறை.

பாடகர் ஒலிவாங்கியை நெருங்கிப் பாடுவதால் குரல் கனத்துப்போவதும் உண்டு. திசைநோக்கும் ஒலிவாங்கிகள் அண்மையிலுள்ள ஒலியின் தாழ்ந்த பகுதியை மிகைப்படுத்துவதே அதன் காரணம். அப்பொழுது ஒலியளவை ஏற்றினால் கனமும் உடன் ஏறும், சொல் தெளியாது. ஒலிவாங்கியைச் சற்று விலக்குதலே முதல் மருந்து. சமனாக்கி அதற்கு அடுத்தது.

எனவே ஒலியளவைச் சரிசெய்த பின்னரும் குறை நீங்காதிருந்தால் மட்டுமே சமனாக்கியை நாடுக. அப்பொழுதும் ஏற்றுவதினும் குறைத்தலே நலம். ஏற்றம் மிகுந்தால் ஒலிபெருக்கியின் ஒலி ஒலிவாங்கியிலேயே புகுந்து ஊளையிடும். திருத்திய ஒலியையும் திருத்தாத ஒலியையும் ஒரே உரப்பில் வைத்து ஒப்பிடுதல் வேண்டும். ஏனெனில் உரத்த ஒலியே சிறந்த ஒலி என்று செவி எளிதில் மயங்கும்.