ஒரே தொகுதி, பல குணங்கள்: பி-தொகுதித் தனிமங்கள் குறித்த நம்பிக்கைகளும் உண்மைகளும்

தனிம வரிசை அட்டவணையின் வலப்பக்கத்தில், 13 முதல் 18 வரையிலான ஆறு குழுக்களில் அமைந்த தனிமங்கள், ஹீலியம் நீங்கலாக, பி-தொகுதித் தனிமங்கள் எனப்படுகின்றன. அணுவில் இறுதியாகச் சேரும் எலக்ட்ரான் பி-ஆர்பிட்டால் என்னும் வெளியில் இடம்பெறுவதால் இப்பெயர் அமைந்தது. ஹீலியத்தின் இரு எலக்ட்ரான்களும் எஸ்-ஆர்பிட்டாலிலேயே அடங்கிவிடுவதால், அது 18ஆம் குழுவில் நின்றாலும் இத்தொகுதியைச் சேர்ந்ததன்று. ஒரு தனிமத்தின் குழு எண், அதன் வெளிக்கூட்டில் எத்தனை எலக்ட்ரான்கள் உள்ளன என்பதை மட்டுமே தெரிவிக்கிறது. உட்கூடுகளின் அமைப்பையோ, அணுவின் பருமனையோ, பிணைப்பின் வலிமையையோ அது தெரிவிப்பதில்லை. இத்தொகுதி குறித்து நிலவும் தவறான நம்பிக்கைகள் பலவும், குழு எண் சொல்லாதவற்றையும் அது சொல்லிவிட்டதாகக் கொள்வதால் எழுபவை.

நம்பிக்கை 1: பி-தொகுதியில் இருப்பவை அலோகங்களே.

உண்மை: உலோகம், அலோகம், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட உலோகப்போலி ஆகிய மூவகையும் ஒருங்கே காணப்படும் தொகுதி இது ஒன்றே. 14ஆம் குழுவில் உச்சியிலுள்ள கார்பன் அலோகம். அடுத்து வரும் சிலிக்கானும் ஜெர்மானியமும் உலோகப்போலிகள். அவற்றின் கீழுள்ள வெள்ளீயமும் காரீயமும் உலோகங்கள். கீழே செல்லச் செல்ல அணு பருத்து, வெளி எலக்ட்ரான்கள் மீதான அணுக்கருவின் பிடி தளர்வதே இம்மாற்றத்துக்கு அடிப்படை.

நம்பிக்கை 2: ஒரு குழுவில் மேலிருந்து கீழாகப் பண்புகள் சீராகவே மாறும்.

உண்மை: அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானை அகற்றத் தேவைப்படும் அயனியாக்கும் ஆற்றல், 13ஆம் குழுவில் சீராகக் குறைந்து செல்வதில்லை. ஒரு மோலுக்குக் கிலோஜூல் கணக்கில் போரானுக்கு 801, அலுமினியத்துக்கு 578 என இறங்கும் இவ்வளவு, காலியத்தில் 579 எனச் சற்றே ஏறி, இண்டியத்தில் 558 ஆகத் தாழ்ந்து, தாலியத்தில் 589 என மீண்டும் உயர்கிறது. காலியத்துக்கு முன்னர் நிரம்பும் பத்து டி-எலக்ட்ரான்கள், கருவின் ஈர்ப்பு வெளி எலக்ட்ரான்களை எட்டாதவாறு மறைப்பதில் திறன் குன்றியவை. ஆகவே அங்கு வெளி எலக்ட்ரான் எதிர்பார்த்ததைவிட இறுகப் பற்றப்படுகிறது. தாலியத்தில் டி-எலக்ட்ரான்களோடு பதினான்கு எஃப்-எலக்ட்ரான்களும் சேர்ந்துகொள்வதால் அவ்விளைவு இன்னும் வலுக்கிறது.

நம்பிக்கை 3: ஃபுளூரின் மிகத் தீவிரமான தனிமம்; ஆதலால் எல்லா அளவுகளிலும் அதுவே முதன்மையானது.

உண்மை: பிணைப்பிலுள்ள எலக்ட்ரான்களைத் தன்பால் இழுக்கும் எலக்ட்ரான் கவர்தன்மையில் ஃபுளூரினுக்கே முதலிடம். ஆயினும், தனித்த அணு ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளியாகும் ஆற்றலாகிய எலக்ட்ரான் நாட்டத்தில் குளோரின் அதனை விஞ்சுகிறது. ஒரு மோலுக்கு ஃபுளூரினுக்கு 328 கிலோஜூலும் குளோரினுக்கு 349 கிலோஜூலும் ஆகும். ஃபுளூரின் அணு மிகச் சிறியதாகையால், புதிதாக வரும் எலக்ட்ரானை அங்கு நெருங்கியிருக்கும் எலக்ட்ரான்கள் விலக்குகின்றன. அவ்வாறே, ஹைட்ரஜன் ஹாலைடுகளின் நீர்க்கரைசல்களுள் ஹைட்ரோஃபுளூரிக் அமிலமே வலிமை குன்றியது, ஹைட்ரோ அயோடிக் அமிலமே வலிமை மிக்கது. ஹைட்ரஜனுக்கும் ஃபுளூரினுக்கும் இடையிலான பிணைப்பு எளிதில் முறியாததே இதன் முதன்மைக் காரணம். எனினும், வலிமை குன்றிய அமிலம் என்பது தீங்கற்ற அமிலம் என்று பொருள்படாது. கண்ணாடியை அரிக்கும் இவ்வமிலம், தோலை ஊடுருவி உடலின் கால்சியத்தோடு சேர்ந்து உயிருக்கே ஆபத்து விளைவிக்கக்கூடியது.

நம்பிக்கை 4: வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் அனைத்தையும் பயன்படுத்தும் உயர்ந்த ஆக்சிஜனேற்ற நிலையே எப்போதும் நிலையானது.

உண்மை: கார்பனுக்கும் சிலிக்கானுக்கும் +4 நிலை இயல்பானது, காரீயத்துக்கோ +2 நிலையே இயல்பானது. கனத்த அணுக்களில் வெளிக்கூட்டின் இரு எஸ்-எலக்ட்ரான்கள் பிணைப்பில் பங்கேற்காமல் ஒதுங்கும் இப்போக்கு மந்த இணை விளைவு எனப்படும். கார்களிலும் வீட்டு இன்வெர்ட்டர்களிலும் உள்ள காரீய அமில மின்கலம் இவ்விளைவைக் கண்ணெதிரே காட்டுகிறது. அதன் ஒரு தகட்டில் காரீயமும் மற்றொன்றில் +4 நிலையிலுள்ள காரீய டைஆக்சைடும் கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்க, மின்கலம் மின்சாரம் தரும்போது இரு தகடுகளிலும் +2 நிலையிலுள்ள காரீய சல்பேட்டு படிகிறது. +4 நிலையை விட்டு +2 நிலைக்கு இறங்கக் காரீயம் காட்டும் நாட்டம் இங்கே மின்னழுத்தமாக வெளிப்படுகிறது. 82 புரோட்டான்கள் கொண்ட காரீய அணுக்கருவின் அருகே எலக்ட்ரான்கள் மிகுந்த வேகத்தில் இயங்குவதால் ஐன்ஸ்டீனின் சார்பியல் விளைவு தலைகாட்டி, எஸ்-ஆர்பிட்டாலைச் சுருக்கி அந்த இணையை மேலும் இறுக்குகிறது. காரின் 12 வோல்ட் மின்கலத்தில் ஏறத்தாழ 10 வோல்ட் இச்சார்பியல் விளைவால் கிடைப்பது என 2011இல் வெளியான கோட்பாட்டுக் கணக்கீடு ஒன்று நிறுவியது.

நம்பிக்கை 5: ஈயச் சொம்பு காரீயத்தால் ஆனது, அல்லது, வெள்ளீயமும் காரீயமும் ஒரே குழுவைச் சேர்ந்தவையாதலால் எதில் செய்தாலும் வேறுபாடில்லை.

உண்மை: தமிழகச் சமையலறைகளில் ரசம் வைக்கும் மரபான ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடுவதால், சொம்பில் நீரோ ரசமோ ஊற்றிய பின்னரே அதனை அடுப்பில் ஏற்றுவது வழக்கம். வெறுஞ்சொம்பை ஏற்றினால் அது உருகிப் போகும். காரீயமோ நரம்பு மண்டலத்தையும், குறிப்பாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் தாக்கும் நஞ்சு. புளியும் தக்காளியும் சேர்ந்த ரசத்தின் புளிப்பு, பாத்திரத்தில் கலந்திருக்கும் காரீயத்தைக் கரைத்து உணவில் சேர்த்துவிடும் என்பதால், காரீயம் கலந்த பாத்திரத்தைச் சமையலுக்குப் பயன்படுத்தவே கூடாது. ஒரு கன சென்டிமீட்டருக்கு வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3 கிராம், காரீயத்தின் அடர்த்தி 11.3 கிராம், ஆயினும் சிறிதளவு கலப்பைக் கையின் கனத்தால் அறிய இயலாது, ஆய்வகச் சோதனையே அதற்கு உரிய வழி.

நம்பிக்கை 6: மந்த வாயுக்கள் எதனுடனும் வினைபுரியா.

உண்மை: வெளிக்கூடு நிரம்பியவை என்பதால் இவ்வாயுக்கள் சேர்மம் உருவாக்கவே மாட்டா என்ற முடிவு நெடுங்காலம் நிலைத்திருந்தது. கனடாவின் வான்கூவர் நகரிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த நீல் பார்ட்லெட், பிளாட்டினம் ஹெக்ஸாஃபுளூரைடு ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பறித்துவிடுவதைக் கண்டறிந்தார். ஆக்சிஜன் மூலக்கூறின் அயனியாக்கும் ஆற்றலும் செனான் அணுவின் அயனியாக்கும் ஆற்றலும் ஏறத்தாழச் சமம் என்பதைக் கவனித்த அவர், செனானும் அவ்வாறே எலக்ட்ரானை இழக்க வேண்டும் எனக் கருதி, 1962 மார்ச்சில் நிறமற்ற செனானையும் அச்சேர்மத்தின் சிவந்த ஆவியையும் அறை வெப்பநிலையில் கலந்தபோது, உடனே மஞ்சள் நிறத் திண்மம் படிந்தது. அதே ஆண்டில் செனான் டெட்ராஃபுளூரைடும் தயாரிக்கப்பட்டது. பருத்த செனான் அணுவில் வெளி எலக்ட்ரான்கள் கருவிலிருந்து தொலைவில் இருப்பதே இதற்கு வழிவகுத்தது; மிகச் சிறிய அணுக்களான ஹீலியமும் நியானும் இயல்பான சூழலில் மந்தத்தன்மையை இன்றும் விடாது காத்து நிற்கின்றன.

இவ்வாறு ஒவ்வொரு விதியையும் அதன் காரணத்தோடு சேர்த்துக் கற்கும் மாணவருக்கு, அவ்விதி எங்கே செல்லும், எங்கே நின்றுவிடும் என்பது தானாகவே புலப்படும். காரீயத்தை அடுத்து நிற்கும் பிஸ்மத்தைக் கருதினால், 15ஆம் குழுவில் இருந்தும் அதற்கு +5 நிலையைவிட +3 நிலையே உறுதியானது என்பதை மந்த இணை விளைவைக் கொண்டு முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆனால் காரீயத்தின் அண்டைத் தனிமம் என்பதாலேயே அதுவும் கொடிய நஞ்சாக இருக்கும் எனக் கருதுவது பிழை. பிஸ்மத் சேர்மங்கள் வயிற்றுக் கோளாறுகளுக்கு மருந்தாகவே பயன்படுகின்றன. அட்டவணையில் உள்ள இடம் ஒரு தனிமத்தை ஆராயத் தொடங்கும் வழியைக் காட்டுகிறது. அதன் நன்மை தீமைகளை உறுதிசெய்ய ஒவ்வொரு தனிமத்தையும் தனித்தனியே சோதித்தறிவதே அறிவியலின் நெறி.