எரிகல் அணைந்த பிறகு

நம்பிக்கை: எரிகல் போன தடத்தில் தங்கிவிடும் ஒளிக்கோடு, சூடு ஆறாத புகை.

பகலில் பார்த்தவர்கள் அப்படி நினைப்பதில் தப்பில்லை. 2013-ல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் நின்றது சூரிய ஒளி பட்ட தூசுதான். இரவுச் சுவட்டின் கதை வேறு. சூட்டால் வரும் ஒளி சில நொடிகளில் அடங்கிவிடும். இந்தச் சுவடுகளோ பல நிமிடங்கள், அரிதாக ஒரு மணி நேரம்கூட நீடிக்கின்றன.

அத்தனை நேரம் ஒளிரவைக்கும் சரக்கு காற்றிலேயே இருக்கிறது. சுமார் 90 கி.மீ. உயரத்தில் ஓசோனும் தனித்த ஆக்சிஜன் அணுக்களும் உண்டு. எரிகல்லிலிருந்து ஆவியான இரும்பும் சோடியமும் ஓசோனிடமிருந்து ஓர் ஆக்சிஜன் அணுவைப் பிடுங்கிக்கொள்ளும். வேறோர் ஆக்சிஜன் அணு வந்து அதைப் பறித்துப் போகும். விடுபட்ட உலோகம் மறுபடி ஓசோனைத் தேடும். இந்தக் கைமாற்றலில் கசியும் ஆற்றல்தான் நாம் காணும் ஒளி. சோடியத்துக்கான இந்தச் சுழற்சியை, இரவு வானின் இயல்பான ஒளிர்வை விளக்குவதற்காக, 1939-லேயே சிட்னி சாப்மன் சொல்லிவிட்டார். உயரத்துக் காற்றுகள் திசைக்கொன்றாக இழுப்பதால், நேர்கோடாகத் தொடங்கும் சுவடு சிக்கெடுக்காத நூல்போல நெளிந்துவிடும்.

நம்பிக்கை: வேகமும் பிரகாசமும் மிக்க எரிகற்களே சுவடு விடும்.

நொடிக்கு 71 கி.மீ. வேகத்தில் பாயும் லியோனிட் எரிகல் பொழிவுகளை வைத்து, 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஊன்றிய எண்ணம் இது. நியூ மெக்சிகோவில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் எடுத்த பதிவுகள் 2024-ல் வெளியாகி இதைக் கலைத்துப் போட்டன. 4,726 எரிகற்களில் 636 சுவடு விட்டிருந்தன. மெதுவானவையும் மங்கலானவையும் அவற்றில் ஏராளம். எரிகல் எந்த உயரத்தில் அணைகிறது என்பதே முக்கியமாகத் தெரியவந்தது. ஓசோன் இருக்கும் மட்டம் வரை இறங்கினால்தானே வேலை நடக்கும்!

நம்பிக்கை: எரிகல்லிலிருந்து வரும் ரேடியோ அலை வெறும் எதிரொலிப்பு.

பாதி சரி. அயனியான தடத்தில் பட்டுத் திரும்பும் தொலைதூர ஒலிபரப்பை அமெச்சூர் வானொலிக்காரர்கள் பல காலமாகவே பிடித்துவருகிறார்கள். ஆனால் அதே நியூ மெக்சிகோவின் எல்.டபிள்யூ.ஏ. ரேடியோ தொலைநோக்கி, 11,000 மணி நேரத்துக்கும் மேலான பதிவில், பல பத்து நொடிகள் நீடித்த 49 ரேடியோ அலை வீச்சுகளைக் கண்டது. அவற்றில் 10, பெரிய எரிகற்களோடு இடமும் நேரமும் ஒத்துப்போயின. 2014-ல் இது வெளியானது. மனிதர் அனுப்பும் ஒலிபரப்பு குறுகிய அலைவரிசையில் வரும். இவையோ அகன்ற அலைவரிசையில் பரவியிருந்தன. தடமே ரேடியோ அலை உமிழ்கிறது என்பதே இதன் பொருள். எப்படி உமிழ்கிறது என்ற வாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் ஓயவில்லை.

டிசம்பர் நடுவில் ஜெமினிட் பொழிவு வரும். ஓர் எரிகல் கண்ணில் பட்டால், அது அணைந்ததும் தலையைத் திருப்பாதீர்கள். அதே இடத்தை ஒரு நிமிடம் பாருங்கள்.