வெண்பனிச் சாலையில் ஹைபிரிட் வண்டி

பனி என்னுஞ் சொல் நம் தாய்மொழியிற் பழமையானது. ஆண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்த நம் முன்னோர் மார்கழியையும் தையையும் முன்பனி எனவும், மாசியையும் பங்குனியையும் பின்பனி எனவும் வழங்கினர். ஆயினும் தமிழகத்துச் சமவெளியில் நாம் அறிந்த பனி, புல்நுனியில் அரும்பிக் கதிரவன் எழுந்ததும் மறையும் நீர்த்துளியே. பஞ்சுபோல் வீழ்ந்து சாலையை மூடிக் கிடக்கும் வெண்பனி, நொய்யற்கரையில் வாழும் நமக்குக் கேள்வியளவே. ஆகலின், திருப்பூரில் இருபது ஆண்டு வண்டி செலுத்தியவரும் வெண்பனியின் முன்னர்ப் புது மாணாக்கரே ஆவர்.

இதனை நாம் கற்க வேண்டுவது ஏன் எனின், நம்மூர்ப் பின்னலாடைகள் குளிர்நாடுகட்குச் செல்லுகின்றன. அவற்றின் பின்னே நம்மவருஞ் செல்லுகின்றனர். நம் நாட்டிலேயும் 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள், இமாசலப் பிரதேசத்தில் ரோதாங் கணவாயின் அருகே 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பெற்றது. அதன்பின் பனிக்காலத்தும் மணாலி வழியே வண்டியோட்டி ஏறுவோர் பலராயினர். 2024 டிசம்பரில் சோலாங்கிற்கும் அச்சுரங்கத்திற்கும் இடையே நூற்றுக்கணக்கான வண்டிகள் பனியில் அகப்பட்டு, போலீசார் மக்களை மீட்க நேர்ந்தது.

இனி, வண்டியின் இயல்பைக் காண்போம். ஹைபிரிட் வண்டியில் பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து உழைக்கின்றன. டொயோட்டா கம்பெனியார் 1997-இல் ஜப்பானில் 'பிரியஸ்' என்னும் வண்டியை விற்கத் தொடங்கினர். இன்று நம் அண்டை மாநிலத்துப் பிடதியிலும் இவ்வகை வண்டிகள் செய்யப்படுகின்றன. ஓட்டுபவர் கிளச்சை மிதிக்கவோ கியரை மாற்றவோ வேண்டுவதில்லை. பிரேக்கை மிதிக்குங்கால் மோட்டாரே மின்னாக்கியாக மாறி, வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கிப் பாட்டரிக்குத் திருப்புகின்றது. எஞ்சின் எப்பொழுது ஓட வேண்டும், எப்பொழுது ஓய வேண்டும் என்பதையும் வண்டியே முடிவு செய்கின்றது. இத்துணை அறிவுடைய பொறியும் செய்யவியலாதது ஒன்றுண்டு: டயருக்கும் தரைக்கும் இடையே இல்லாத பிடிப்பை அஃது உண்டாக்கமாட்டாது.

இப்பிடிப்பினை உராய்வு என்பர் பௌதிக நூலார். நம்மூரில் பின்னல் எந்திரத்திற்குரிய நூலுக்கு மெழுகு பூசுவர். உராய்வு குறைந்தாலன்றி நூல் ஊசிகளிடையே அறாது ஓடாது. எந்திரத்தில் நாம் விரும்பிச் செய்யும் அவ்வழுவழுப்பையே வெண்பனி சாலையில் செய்துவிடுகின்றது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சமதளத்திற் செல்லும் வண்டியைக் கருதுக. உலர்ந்த தார்ச்சாலையின் உராய்வெண்ணை 0.7 எனக் கொண்டால், பிரேக்கு பிடித்தபின் அது சுமார் 9 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் 0.2 எனக் கொண்டால் சுமார் 31 மீட்டரும், பனிக்கட்டியில் 0.1 எனக் கொண்டால் சுமார் 63 மீட்டரும் ஓடியே நிற்கும். ஆகவே முன்செல்லும் வண்டிக்கு நெடுந்தொலைவு விட்டுச் செல்லுதலே முதற்பாடம். முடுக்குதல், திருப்புதல், நிறுத்துதல் ஆகிய மூன்றையும் மெல்லச் செய்க. வளைவிற்கு முன்னரே வேகத்தைக் குறைத்துவிடுக. சில வண்டிகளில் இறக்கத்திற்கென 'பி' என்னும் நிலை உண்டு. அதனை இறக்கத்தின் தொடக்கத்திலேயே இடுக. வழுக்குமிடத்தில் திடீரென இட்டால், இழுக்கும் சக்கரங்களே சறுக்கக்கூடும்.

டயரும் கருதத்தக்கது. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழ் இறங்குங்கால் நாம் வழக்கமாகப் பூட்டும் டயரின் ரப்பர் விறைத்துப் பிடிப்பினை இழக்கின்றது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச்சு 15 வரை குளிர்காலத்திற்குரிய டயரைப் பூட்டுதல் சட்டம்.

பின்னல் எந்திரத்தில் நூல் அறுந்தால் எந்திரம் தானே நின்றுவிடும். அறுந்த நூலை முடிவது தொழிலாளியின் கையே. வண்டியும் அவ்வாறே. சக்கரம் சறுக்கினால், சறுக்கற்காப்புக் கருவி விசையைக் குறைத்துவிடும். அதனால் ஆழ்ந்த பனியிற் புதைந்த வண்டி சிறிதும் நகராது நிற்றலும் உண்டு. அப்பொழுது, வண்டியின் கையேடு இடந்தருமாயின், அக்கருவியைச் சற்றே நிறுத்தி, சக்கரத்தின் முன்னுள்ள பனியை அகற்றி, மெல்ல வெளியேறுக. வெளிவந்தவுடன் மீண்டும் அதனை இயக்குக.

குளிரில் பாட்டரியின் ஆற்றல் குறையும். வண்டியினுள் வெப்பம் வேண்டியும் எஞ்சின் அடிக்கடி ஓடும். பெட்ரோல் மிகச் செலவாகும். இது பழுதன்று. ஆனால் இதனால் விளையக்கூடிய பேரிடர் ஒன்றுண்டு. பனியில் அகப்பட்டு நிற்கும் வண்டியில், வெப்பத்தை நாடிக் கதவடைத்து அமர்ந்திருப்போம். எஞ்சின் ஓசையின்றி நிற்கின்றது என்று எண்ணியிருக்கையில் அது தானே ஓடத் தொடங்கும். புகைக்குழாயைப் பனி மூடியிருப்பின், கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்று உள்ளே புகும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. 2022 ஜனவரியில் பாகிஸ்தானத்து முரீ மலையூரில், பனியிற் சிக்கிய வண்டிகளுக்குள் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். குளிரோடு இந்நச்சுக்காற்றும் அவர்தம் சாவிற்குக் காரணமாகக் கூறப்பட்டது. குழந்தைகளும் அவருள் இருந்தனர்.

ஆதலின் வண்டி சிக்கிக்கொண்டால், முதற்கண் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுக. பனி பெய்யுந்தோறும் மீண்டும் அகற்றுக. காற்று வீசாத பக்கத்துச் சாளரத்தைச் சிறிது திறந்து வைக்குக. வண்டியை இடையறாது இயக்கத்தில் வையாது, சிறுபொழுது இயக்கி, பின் முற்றும் நிறுத்துக. வண்டியில் ஒரு மண்வெட்டியும், விளக்கும், உணவும், நீரும், கம்பளியும் இருத்தல் நன்று. தடித்த ஆடை ஒன்றினும் மெல்லிய பின்னலாடைகள் பல, ஒன்றன்மேல் ஒன்றாக அணியின், இடையில் அடங்கிய காற்று உடலின் வெம்மையைக் காக்கும். இவ்வுண்மையை ஆடை பின்னும் ஊரினராகிய நமக்குப் பிறர் சொல்ல வேண்டுவதில்லை.

ஆட்டோமேட்டிக் என்னும் பெயர், ஓட்டுபவர்க்குப் பொறுப்பில்லை என்னும் மயக்கத்தை விளைத்தல் கூடாது. கியர் மாற்றும் வேலையைப் பொறி ஏற்றுக்கொண்டது. எவ்வளவு வேகம், எத்துணை இடைவெளி, இன்று புறப்படலாமா என்னும் மூன்றனையும் நம்மிடமே விட்டுவிட்டது. பனிப்பொழிவு மிகும் என்று அரசினர் எச்சரிக்கும் நாளில் பயணத்தை மறுநாளைக்கு ஒத்திவைப்பவர் கோழையல்லர். தம்மோடு வருவோரின் உயிர் தம் கையில் ஒப்புவிக்கப்பட்டது என்று உணர்ந்தவர். நம் கல்லூரியினின்று குளிர்நாடுகட்குச் செல்லும் அன்பர்கள் இதனை நினைவிற் கொள்வாராக.