நம்ம ஊர் சிமெண்ட்டும் எங்க வீட்டு அடுப்பும்

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவர், ரெட்டிபாளையம்)



ஒர்க் ஷாப்பில் மூன்று வருஷம் அரம் பிடித்த நாம், வீட்டில் ஒரு பொருள் பழுதானால் மட்டும் "மெக்கானிக்கிட்ட கொடுங்கம்மா" என்று நழுவி விடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். எங்கள் பெல்லட் அடுப்பு என்னை மாற்றியது.

ரெட்டிபாளையத்தில் என் அம்மா சாயங்காலம் இட்லி போட்டு விற்கிறார். அதற்குப் பழைய பெல்லட் அடுப்பு ஒன்று உண்டு. சென்ற வருஷம் அது திடீரென்று புகைய ஆரம்பித்தது. அம்மா அதைப் பரணில் ஏற்றிவிட்டு, மறுபடி விறகடுப்பு மூட்டினார். இருமலும் திரும்பி வந்தது. "தம்பி, நீ படிக்கிற படிப்புக்கு இத ஒரு கை பார்க்கக் கூடாதா?" என்று ஒருநாள் கேட்டார். சுருக்கென்றது.

முதலில் கொஞ்சம் வரலாறு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் பி.பி. நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய 'ஊர்ஜா' அடுப்பு 2006-இல் விற்பனைக்கு வந்தது. தமிழ்நாட்டு வீடுகளுக்கும் வந்தது. மொத்தம் சுமார் நான்கு லட்சம் அடுப்புகள் விற்றன. பிறகு பெல்லட் விலை ஏறியதால் பல வீடுகளில் அடுப்பு மூலைக்குப் போயிற்று. இந்த இனத்து அடுப்பு எல்லாவற்றுக்கும் தத்துவம் ஒன்றுதான்.

வேலை செய்யும் விதம்: வேளாண் கழிவை அழுத்திச் செய்த பெல்லட்டை உருளை அறையில் நிரப்பி, மேலே தீ மூட்டுகிறோம். அடியில் உள்ள சின்ன விசிறி காற்றை இரண்டாகப் பிரித்து அனுப்புகிறது. சல்லடைத் தட்டு வழியாக வருவது முதல்நிலைக் காற்று. இது பெல்லட்டை வாயுவாக மாற்றுகிறது. மேல்விளிம்புத் துளைகள் வழியாக வருவது இரண்டாம்நிலைக் காற்று. இது அந்த வாயுவை எரிக்கிறது. இந்த இரண்டும் புரிந்தால் பாதி ரிப்பேர் முடிந்த மாதிரி. தீ சோம்பினால் கீழே பாருங்கள். புகைந்தால் மேலே பாருங்கள். இரண்டும் என்றால் விசிறியைப் பாருங்கள்.

1. விசிறி: கழற்றி, சாம்பலைப் பிரஷ்ஷால் தட்டுங்கள். அதற்குரிய வோல்ட்டை நேராகக் கொடுத்து ஓடுகிறதா என்று சோதியுங்கள். ஓடினால் குற்றம் பேட்டரியிலோ ஒயரிலோ. பேட்டரி மாற்றினால் அதே ரகம், அதே வோல்ட். நிக்கல் ரகத்துக்கான சார்ஜரில் லித்தியம் பேட்டரியைப் போடவே கூடாது, தீப்பிடிக்கும்.

2. சல்லடைத் தட்டு: சூட்டில் இரும்பு செதில் செதிலாக உதிரும். எங்கள் தட்டு வளைந்து ஓட்டையாகி இருந்தது. பழையதை அட்டையில் வரைந்து, அதே அளவு, அதே எண்ணிக்கைத் துளைகளோடு எஸ்.எஸ். 304 தகட்டில் புதிது செய்தேன். இங்கே ஒரு கணக்கு: 100 மி.மீ. விட்டமுள்ள தட்டு 600 டிகிரி கூடுதல் சூடேறினால் ஏறக்குறைய 1 மி.மீ. விரியும். இறுக்கமாகப் பொருத்தினால் சுவரைப் பிளக்கும். விட்டத்தில் ஒன்றரை மி.மீ. குறைத்து வெட்டுங்கள். ஜி.ஐ. தகடு வேண்டாம், துத்தநாகப் புகை ஆபத்து.

3. மேல் துளைகள்: கரியும் உருகிய சாம்பலும் அடைத்திருக்கும். துளைக்குச் சற்று மெல்லிய கம்பியால் குத்துங்கள். டிரில் போட்டுப் பெரிதாக்கினால் காற்றின் விகிதம் கெட்டுவிடும்.

4. உள்சுவர்: நான் சறுக்கிய இடம் இதுதான். உள்ளே இருந்த பீங்கான் சுவர் பெயர்ந்திருந்தது. சிமெண்ட் ஊரில் பிறந்தவனுக்குச் சிமெண்ட்டுக்குப் பஞ்சமா? வீட்டில் மிஞ்சியதைக் குழைத்துப் பூசினேன். இரண்டு நாள் நன்றாக எரிந்தது. நான்காம் நாள் பூச்சு பொடிந்து தட்டில் விழுந்து, அடிக்காற்றை அடைத்தது. பழையபடி புகை.

சூளை நிறுத்தத்தின்போது ஆலையில் கல் பதிக்கப் போகிற என் மாமா வந்து பார்த்தார். "ஏன் மாப்ள, சூளைக்குள்ள நாங்க இந்தச் சிமெண்ட்டையா பூசுறோம்?" என்று சிரித்தார்.

உண்மைதானே! சிமெண்ட் பிறக்கும் சூளையில் 1,450 டிகிரி சூடு. அந்தச் சூட்டைத் தாங்குவது சிமெண்ட் அல்ல, உள்ளே பதித்த தீக்கல். சாதாரண சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. சுமார் 450 டிகிரியில் அது தண்ணீரை விட்டுச் சுண்ணாம்பாகிறது. அடுப்பு ஆறியபின் காற்றின் ஈரத்தை இழுத்து உப்புகிறது, பூச்சு பொடிகிறது. நம்ம ஊர்ச் சுண்ணாம்புக்கல் ஜல்லியைக் கலந்தால் இன்னும் மோசம். அதுவும் சூட்டில் நீறாகும்.

இதற்கு வேண்டியது உயர் அலுமினா சிமெண்ட் சேர்ந்த காஸ்டபிள். திருச்சியில் சில்லறையாக மூன்று கிலோ வாங்கினேன். தண்ணீரைக் குறைவாக விடுங்கள்: உருண்டை பிடித்துத் தூக்கிப் போட்டுப் பிடித்தால் உதிரவும் கூடாது, தொய்யவும் கூடாது. பழைய தளர்ந்த பகுதியை நனைத்துச் சுரண்டிவிட்டு (மூக்கில் மாஸ்க் அவசியம்) அழுத்திப் பூசுங்கள். ஒருநாள் ஈரத்துணி மூடி வையுங்கள். அடுத்து இரண்டு நாள் நிழலில் காயட்டும். பிறகு ஒரு கைப்பிடி பெல்லட்டில் சிறு தீ, மறுநாள் சற்றுக் கூடுதல் என்று ஏற்றுங்கள். அவசரப்பட்டால் உள்ளே நிற்கும் தண்ணீர் ஆவியாகிப் பூச்சைப் பிளக்கும்.

முதல் சோதனை வெளி முற்றத்தில்தான். கடைசியில் கரி மட்டும் கனலும்போது கார்பன் மோனாக்சைடு அதிகம் வரும். புகை இல்லையே என்று மூடிய அறையில் வைத்து விடாதீர்கள்.

இப்போது பரணில் விறகுதான் இருக்கிறது, அடுப்பு இல்லை. முதல் ஈடு இட்லியை அம்மா மாமாவுக்கு வைத்தார். எனக்கு இரண்டாம் ஈடு. நியாயம்தான். மெட்டீரியல்ஸ் பாடத்தில் அலுமினா சிமெண்ட் பற்றி இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்தவன் நான்; அதைக் கையால் அறிந்தவர் அவர். நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதாவது காத்திருக்கும். விடுமுறைக்குப் போகும்போது ஒரு ஸ்குரூ டிரைவரோடு போங்கள். அப்படியே, வேலை தெரிந்த பெரியவர் ஒருவரையும் கேளுங்கள்.