விசாரணை முடியாமல் இடமில்லை என்று கவுன்சில் சொல்லலாமா?

கேள்வி: நிரந்தர வதிவிட உரிமையோடு பல வருடங்களாக லண்டனில் இருக்கிறேன். 9, 4 வயதில் இரண்டு பிள்ளைகள். மச்சாள் வீட்டில் ஓர் அறையில் இருந்தோம். வெளியே போகச் சொல்லிவிட்டார். ஹோம்லெஸ் என்று கவுன்சிலில் பதிந்து ஐந்து கிழமை. "கோர்ட் உத்தரவு கொண்டு வாருங்கள், விசாரணை முடிந்த பிறகுதான் இடம்" என்று போனில் சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் வீடுகளில் மாறி மாறிப் படுக்கிறோம். மீள்பரிசீலனை கேட்கலாமா?
– வாசகி, லண்டன்

பதில்: சகோதரி, கவுன்சில் சொல்வது தலைகீழ். 1996ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 188ஆம் பிரிவுப்படி, நீங்கள் வீடற்றவராக, உதவி பெறத் தகுதியுள்ளவராக, முன்னுரிமைக்குரியவராக இருக்கலாம் என்று நம்பக் காரணம் இருந்தாலே போதும். தற்காலிக இருப்பிடம் தர வேண்டும். விசாரணை அதற்குப் பிறகு நடக்கட்டும். உங்களோடு வசிக்கும் சிறு பிள்ளைகளால் முன்னுரிமை வந்துவிடுகிறது. வேறு ஊரோடுதான் உங்களுக்குத் தொடர்பு என்று காட்டியும் இந்த இடத்தை மறுக்க முடியாது. உறவினர் தம் வீட்டில், தம்மோடு சேர்த்து வைத்திருந்தவரை வெளியேற்றப் பொதுவாகக் கோர்ட் உத்தரவே தேவையில்லை. இல்லாத உத்தரவை எங்கிருந்து கொண்டு வருவது?

ஆனால் நீங்கள் கேட்கும் மீள்பரிசீலனை இதற்கு வழியல்ல. 202ஆம் பிரிவின் மீள்பரிசீலனை, கவுன்சில் எழுத்தில் தரும் இறுதி முடிவுகளுக்கு உரியது. தற்காலிக இடத்தை மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் நீதிமுறை மீளாய்வுதான். முதலில் சொலிசிட்டர் கவுன்சிலுக்கு முன்னறிவிப்புக் கடிதம் அனுப்புவார். அவசரமென்றால் 24 மணி நேரமே கெடு வைப்பதும் உண்டு. பல விவகாரங்கள் அந்தக் கடிதத்தோடே முடிந்துவிடுகின்றன.

இனி உங்களைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. ஐந்து கிழமையாக எல்லாவற்றையும் போனிலேயே கதைத்திருக்கிறீர்கள். மறுத்த அதிகாரியின் பெயர் இல்லை, தேதி இல்லை, ஒரு மின்னஞ்சல்கூட இல்லை. "சொன்னார்கள்" என்பதை வைத்து நீதிபதி முன்னால் என்ன காட்டுவது? நீதிமுறை மீளாய்வுக்குத் தாமதமின்றிப் போக வேண்டும். 3 மாதம் என்பது கடைசி எல்லை, அதுவரை காத்திருக்கலாம் என்று பொருளல்ல. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வீடு வீடாக அலைந்த ஒவ்வொரு நாளும் உங்கள் உரிமையை நீங்களே தள்ளிப் போட்ட நாள்.

இன்றே கவுன்சிலுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "இன்றிரவு படுக்க இடமில்லை, 188ஆம் பிரிவின் கீழ் இடம் தருக, மறுத்தால் காரணத்தை எழுத்தில் தருக." மச்சாளிடம் தேதியோடு ஒரு கடிதம் வாங்குங்கள். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். எந்த இரவு எந்த வீட்டில் படுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். விசா அத்தாட்சி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு விவரம் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

இடையில் "நீங்கள் வீடற்றவரல்ல" என்று எழுத்தில் முடிவு வந்தால் நிலைமை மாறும். அப்போதுதான் 202ஆம் பிரிவு. கெடு 21 நாள். அந்த மறுபரிசீலனைக் காலத்தில் இடம் தருவது கவுன்சிலின் விருப்புரிமை மட்டுமே. கடிதத்தைப் பிரிக்காமல் வைத்துவிடாதீர்கள்.

இது இங்கிலாந்துச் சட்டம். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் வேறு. உங்கள் விசாக் கடிதத்தைப் பாராமல் இதற்கு மேல் உறுதி சொல்ல மாட்டேன். வீட்டுவசதி வழக்குகளில் சட்ட உதவி ஒப்பந்தம் உள்ள சொலிசிட்டரை நாளைக்கே நேரில் பாருங்கள். வருமானம் குறைவென்றால் கட்டணமின்றிக் கிடைக்க வாய்ப்புண்டு. இன்றிரவே தெருவில் நிற்க நேர்ந்தால், கவுன்சிலின் இரவு நேர அவசர எண்ணை அழைத்து, பேசியவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.