கிரெடிட் கார்டைப் படிக்கக் கற்றுக் கொள்வோம்

முதல் வேலையில் சேர்ந்த இரண்டாவது மாதமே எனக்கு ஒரு கிரெடிட் கார்ட் கிடைத்தது. ஆசையாக 20,000 ரூபாய்க்கு மானிட்டரும் ஹார்ட் டிஸ்க்கும் வாங்கினேன். பில் வந்தது. "குறைந்தபட்சத் தொகை ரூ.1,000" என்று இருந்ததைப் பார்த்து, மாதம் ஆயிரம்தானே என்று ஆறு மாதம் கட்டினேன். 6,000 ரூபாய் கட்டிய பிறகும் 18,800 ரூபாய்க்கு மேல் பாக்கி இருந்தது! சாப்ட்வேர் எழுதத் தெரிந்த எனக்கு ஒரு பில்லைப் படிக்கத் தெரியவில்லை. அப்போது கற்றுக் கொண்டதை இங்கு பார்ப்போம்.

கார்ட் எண்ணில் என்ன இருக்கிறது?

பெரும்பாலான கார்டுகளில் 16 இலக்க எண் இருக்கும். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டில் 15 இலக்கங்கள். முதல் இலக்கம் 4 என்றால் அது விசா கார்ட். 51 முதல் 55 வரையிலான எண்ணில் தொடங்கினால் மாஸ்டர்கார்ட். முதல் ஆறு அல்லது எட்டு இலக்கங்கள் கார்டை வழங்கிய வங்கியைக் குறிக்கும். அடுத்து வருபவை உங்கள் கணக்கைக் குறிப்பவை. கடைசி இலக்கம் மட்டும் சோதனை இலக்கம்.

ஆன்லைனில் பணம் கட்டும்போது ஓர் இலக்கத்தைத் தவறாக டைப் செய்தால், வங்கியைக் கேட்காமலேயே "எண் தவறு" என்று திரையில் செய்தி வருகிறதல்லவா? அது இந்தச் சோதனை இலக்கத்தின் வேலை. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் உருவாக்கிய இந்த முறைக்கு 1960ல் காப்புரிமை வழங்கப்பட்டது. புரோகிராமர்கள் சோதனைக்குப் பயன்படுத்தும் 4111 1111 1111 1111 என்ற எண்ணை எடுத்துக் கொள்வோம்.

1. வலது கடைசியிலிருந்து ஒன்று விட்டு ஒன்றாக உள்ள இலக்கங்களை இரட்டிப்பாக்கவும். 4 என்பது 8 ஆகும்; ஏழு 1கள் ஏழு 2களாகும். கூட்டினால் 22.
2. இரட்டிப்பாக்கியது 9க்கு மேல் போனால் அதிலிருந்து 9ஐக் கழிக்கவும். இங்கு அதற்குத் தேவை இல்லை.
3. மீதமுள்ள எட்டு 1களைச் சேர்க்கவும். மொத்தம் 30.

மொத்தம் பத்தால் மீதியின்றி வகுபட்டால் எண் சரியாக டைப் செய்யப்பட்டுள்ளது என்று பொருள். அப்படி ஒரு கார்ட் உண்மையில் இருக்கிறது என்று பொருள் அல்ல.

காலாவதித் தேதியும் சி.வி.வி.யும்

கார்டில் 08/29 என்று இருந்தால் 2029 ஆகஸ்ட் மாதக் கடைசி நாள் வரை அது செல்லும். பின்புறம் உள்ள மூன்று இலக்க எண் சி.வி.வி. கார்ட் உங்கள் கையில்தான் இருக்கிறது என்பதற்கான சாட்சி இது. இணையதளங்கள் இதைச் சேமித்து வைக்கக் கூடாது என்பது கார்ட் நிறுவனங்களின் விதி. இந்தியாவில் 2022 அக்டோபர் 1 முதல் கடைகளும் தளங்களும் கார்ட் எண்ணையும் சேமிக்க முடியாது. அதற்குப் பதிலாக டோக்கன் என்ற மாற்று எண்ணைத்தான் வைத்துக் கொள்கின்றன.

வெளிநாட்டுத் தளங்களில் ஓ.டி.பி. கேட்காமலேயே பணம் போய்விடக் கூடும். எனவே உங்கள் வங்கியின் ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நிறுத்தி வைக்கவும். தேவைப்படும்போது மட்டும் திறந்து கொள்ளலாம்.

பில் தேதியும் கெடு தேதியும்

மாதம் 10ஆம் தேதி பில் போடப்படுகிறது, 30ஆம் தேதி பணம் கட்ட கெடு என்று வைத்துக் கொள்வோம். மார்ச் 11ல் வாங்கிய பொருள் ஏப்ரல் 10 பில்லில் வரும். ஏப்ரல் 30ல் கட்டினால் போதும்; 50 நாட்கள் வட்டி இல்லை. அதே பொருளை ஏப்ரல் 9ல் வாங்கினால் 21 நாட்கள்தான். இந்தச் சலுகை முழுத் தொகையையும் கட்டுபவர்களுக்கு மட்டுமே. ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தால் சலுகை கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், தனிக் கட்டணமும் உண்டு.

குறைந்தபட்சத் தொகை என்னும் பொறி

என் கணக்கைப் பாருங்கள். பாக்கி 20,000 ரூபாய். மாத வட்டி 3.5 சதவீதம், அதாவது 700 ரூபாய். வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 126 ரூபாய். ஆக 826. நான் கட்டிய ஆயிரத்தில் கடனைக் குறைத்தது வெறும் 174 ரூபாய்! 3.5 என்பது பார்க்கச் சிறிய எண். பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டுக்கு 42 சதவீதம். அது மட்டுமல்ல, பாக்கி இருக்கும் வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி போடப்படும்.

குறைந்தபட்சத் தொகை கட்டுவதால் தாமதக் கட்டணம் தப்பும். கடன் தீராது.

இன்றே உங்கள் கடைசி பில்லை எடுத்து பில் தேதி, கெடு தேதி, மொத்த பாக்கி, மாத வட்டி ஆகிய நான்கையும் கண்டுபிடியுங்கள். மொத்த பாக்கியைக் கெடு தேதிக்குள் தானாகவே செலுத்தும் வசதியை வங்கித் தளத்தில் ஏற்படுத்திக் கொள்ளுங்கள். அதில் "குறைந்தபட்சத் தொகை" என்பதற்குப் பதில் "மொத்தத் தொகை" என்பதைத்தான் தேர்ந்தெடுத்தீர்களா என்று ஒருமுறை சரிபார்த்துக் கொள்ளவும்.