ஆட்டமும் ஆட்சியும்



கால்பந்தைப் பதினொருவர் ஆட்டம் என்கிறோம். அப்பதினொருவருக்குப் பின்னே பயிற்சியாளர், நிர்வாகி, சங்கம் என ஒரு கூட்டம் நிற்கிறது. பந்து உருள்வதும் உருளாமற் போவதும் பெரும்பாலும் அக்கூட்டத்தின் கையில் இருக்கிறது. இந்தியப் பெண்கள் கால்பந்தின் வரலாறு இதற்குத் தக்க சான்று.

நான் தங்கிப் பயிலும் மட்டாஞ்சேரியில் கால்பந்து பேசாத தேநீர்க்கடையைக் காண்பது அரிது. அங்கே பெண்கள் ஆட்டம் பேசப்படுவது அதனினும் அரிது. ஆயினும் இதே கேரளத்தில், 1980ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில், நம் பெண்கள் இறுதியாட்டம் வரை சென்றனர். 1983இலும் இரண்டாமிடம் பெற்றனர். அத்தகைய அணி 2009இல் உலகத் தரவரிசையினின்றே நீக்கப்பட்டது. ஆடத் தெரியாமல் அன்று. ஆட்டங்கள் ஏற்பாடு செய்யப்படாமையால்!

2022இல் நிகழ்ந்தது இன்னும் கொடிது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு உரிய காலத்தில் தேர்தல் நடத்தவில்லை. உச்சநீதிமன்றம் அதன் பொறுப்பை ஒரு குழுவிடம் ஒப்படைத்தது. வெளியார் தலையீடு எனக் கூறி, உலக அமைப்பான பிஃபா ஆகஸ்டில் இந்தியாவைத் தடை செய்தது. அவ்வேளையில் கோகுலம் கேரளா பெண்கள் அணி, ஆசியக் கழகப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் நகரை அடைந்திருந்தது. ஆகஸ்டு 26இல் தடை நீங்கியது. ஆனால் அப்போட்டியில் அவ்வணியால் ஆட முடியவில்லை. தவறு செய்தவர் ஒருவர், தண்டனை பெற்றவர் வேறொருவர்.

வென்றால் எல்லாம் சரியாகிவிடும் என்பார் உண்டு. ஸ்பெயின் நாட்டைப் பாருங்கள். 2022 செப்டம்பரில், அணியின் நிலை தம் உடலையும் மனத்தையும் வாட்டுகிறது என்று பதினைந்து வீராங்கனைகள் எழுதினர். மன்னிப்புக் கேட்டாலன்றித் திரும்ப முடியாது என்றது கூட்டமைப்பு. 2023இல் ஸ்பெயின் உலகக்கோப்பையை வென்றது. அப்பதினைவருள் மூவரே அதில் இருந்தனர். சில நாட்களிலேயே பயிற்சியாளர் நீக்கப்பட்டார். கூட்டமைப்பின் தலைவரும் பதவி விலகினார். கோப்பை நல்ல நிர்வாகத்துக்குச் சான்றாகாது.

2022 செப்டம்பரில் நம் கூட்டமைப்பின் செயற்குழுவில் முன்னாள் ஆட்டக்காரர் அறுவர் இடம்பெற்றனர். அவருள் இருவர் பெண்கள். இது நல்ல தொடக்கம். நம் பல்கலைக்கழகப் பெண்கள் அணியைக் குறித்தும் மூன்று கேள்விகள் கேட்போம். இவ்வாண்டின் ஆட்டங்களை யார், எப்பொழுது முடிவு செய்கின்றனர்? பயிற்சியாளர் மீதே குறை இருந்தால் ஒரு மாணவி யாரிடம் முறையிடுவாள்? தீர்மானிக்கும் குழுவில் ஆடுவோர் ஒருவரேனும் உண்டா? விடை கிடைக்கும்வரை கேட்பது நம் கடமை.